கிறித்தவ இறையியலின் முதல் வகுப்பு: ஒரு பாடநூலை முன்வைத்து

முஸ்லிம்களாகிய நாம் கிறித்தவ சமயக் கொள்கைகளைப் பற்றி அறிந்து வைத்திருப்பனவற்றுள் பெரும்பகுதி மறுப்பு நூல்களின் வழியாக நம்மை வந்தடைந்தது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1854ஆம் ஆண்டு ஆக்ராவில் ஜெர்மானியப் பாதிரியார் ஃபாண்டருக்கும் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அவர்களுக்கும் இடையே நிகழ்ந்த விவாதம், ஆட்சியும் அச்சகமும் ஒரு தரப்பின் பக்கம் இருந்த காலத்தில் நிகழ்ந்தது. மௌலானா அவர்கள் ஐரோப்பிய விவிலியத் திறனாய்வாளர்களின் முடிவுகளையே கருவியாகக் கொண்டு வாதாடியதும், பின்னர் 'இள்ஹாருல் ஹக்' என்னும் பெருநூலை யாத்ததும் தற்காப்பின் தேவையிலிருந்து பிறந்த அரும்பணிகள். அந்நூலால் உந்தப்பெற்ற தென்னாப்பிரிக்காவின் அஹ்மத் தீதாத் (1918-2005) தமிழ் முஸ்லிம்களிடையேயும் நன்கு அறிமுகமானவர்.

இப்பணிகளின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மறுப்பு நூலுக்கென்று ஓர் எல்லை உண்டு. எதிர்த்தரப்பு கூறும் விடையை அது எடுத்துக்கொள்கிறது. அவ்விடை எந்த வினாவிலிருந்து எழுந்தது என்று தேடிச் செல்ல அதற்கு அவகாசமில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இந்த எல்லையை நன்கு உணர்ந்தவர்கள். ஒரு கல்வித்துறையை அதன் வல்லுநர்களுக்கு நிகராகக் கற்றுத் தேறாதவர் அதன் பிழையைச் சுட்ட இயலாது என்னும் கருத்தைத் தம் தன்வரலாற்று நூலில் அவர்கள் வலியுறுத்துகிறார்கள். மெய்யியலாரை மறுக்கும் 'தஹாஃபுத்' நூலைத் தந்தவர்களே அம்மெய்யியலாரின் கொள்கைகளை உள்ளவாறு எடுத்துரைக்கும் 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா'வையும் தந்தார்கள். இடைக்கால லத்தீன் ஐரோப்பா இந்த எடுத்துரைப்பை வாசித்துவிட்டு, கஸ்ஸாலியையும் மெய்யியலாருள் ஒருவராகவே கருதிக்கொண்டது. எடுத்துரைப்பு அத்துணை நேர்மையாக இருந்தது.

கிறித்தவ இறையியலை அவ்வாறு உள்ளிருந்து கற்கத் தொடங்கும் ஒருவருக்கு ஆங்கில உலகின் பல்கலைக்கழகங்களில் முதலாண்டில் கையில் தரப்படும் நூல்களுள் பெரிதும் பரவியது அலிஸ்டர் மெக்ராத்தின் 'கிறிஸ்டியன் தியாலஜி: ஆன் இன்ட்ரொடக்‌ஷன்'. 1993இல் முதற்பதிப்பு கண்டு, 2016இல் ஆறாம் பதிப்பை எட்டிய நூல் இது. மெக்ராத் 1953இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர், இளமையில் இறைமறுப்பாளர், ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் பயின்று, மூலக்கூறு உயிர் இயற்பியலில் ஆய்வுப் பட்டம் பெற்று, பின்னர் அங்கேயே இறையியல் கற்று ஆங்கிலிக்கத் திருச்சபையில் குருவானவர். ஆய்வகத்திலிருந்து வந்தவரின் ஒழுங்கு நூலெங்கும் தெரிகிறது. எந்தச் சொல்லையும் விளக்காமல் அவர் கடப்பதில்லை. வாசகர் ஒன்றுமே அறியாதவர் என்னும் எண்ணத்தை இறுதிவரை கைவிடுவதுமில்லை.

நூலின் முதற்பகுதி கிறித்தவச் சிந்தனையின் வரலாற்றைத் தொடக்கத் திருச்சபைத் தந்தையர் காலம், இடைக்காலம், சீர்திருத்தக் காலம், நவீன காலம் என நான்காக வகுத்துச் சுருக்கிச் சொல்கிறது. இரண்டாம் பகுதி இறையியலின் மூலங்களையும் முறைகளையும் ஆராய்கிறது. நம் மரபில் உசூல் என்று வழங்குவதற்கு இது நிகரானது. மூன்றாம் பகுதியே நூலின் உடல். கடவுள், திரித்துவம், கிறிஸ்துவின் ஆள்தன்மை, மீட்பு, மனித இயல்பும் பாவமும் அருளும், திருச்சபை, அருட்சாதனங்கள், பிற சமயங்கள், இறுதிக் காலம் என்று கோட்பாடுகள் ஒவ்வொன்றாக விரிகின்றன. எதை நம்ப வேண்டும் என்று வாசகருக்குச் சொல்வது தம் நோக்கமன்று, எவை நம்பப்பட்டு வந்துள்ளன என்று விளக்குவதே நோக்கம் என்பதை ஆசிரியர் முகப்பிலேயே தெளிவாக்கிவிடுகிறார். இந்த வாக்குறுதி பெருமளவு காப்பாற்றப்பட்டுள்ளது. 'கடவுள் ஆணா?', 'கடவுள் துன்புறக் கூடுமா?' என்பன போன்ற வினாக்களே சில பிரிவுகளுக்குத் தலைப்புகளாக அமைந்திருப்பதும், ஒவ்வொரு வினாவுக்கும் ஒன்றுக்கொன்று மாறான விடைகள் அருகருகே வைக்கப்படுவதும் நல்ல ஆசிரியரின் அடையாளங்கள்.

முஸ்லிம் வாசகர் மிகுந்த ஆவலோடு புரட்டும் அதிகாரம் திரித்துவம் பற்றியது என்பதில் ஐயமில்லை. இங்கு முதலில் கவனிக்க வேண்டியது ஒரு சொல். தமிழ்க் கத்தோலிக்கர் தம் மறைக்கல்வியில் 'மூன்று ஆட்கள்' என்று கூறுவர். 'ஆள்' என்னும் தமிழ்ச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனத்தில் தோன்றுவது தனித்தனியே நடமாடும் மூவர். லத்தீன் மொழியில் இவ்விடத்தில் நிற்கும் 'பெர்சோனா' நாடக மேடையின் முகமூடியிலிருந்து வந்த சொல் என்பதையும், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த தெர்த்துல்லியன் அதை இறையியலுக்குள் கொணர்ந்ததையும் மெக்ராத் பொறுமையுடன் விளக்குகிறார். இதனால் திரித்துவம் நமக்கு ஏற்புடையதாகிவிடாது. ஆனால் 'ஒன்றும் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் மூன்றுதானே' என்று மேடையில் கேட்டுக் கைதட்டல் பெறும் வாதம் எந்தத் திருச்சபையும் கூறாத ஒன்றை மறுக்கிறது என்பது விளங்கிவிடுகிறது. நம் பண்டைய முதகல்லிமூன்கள் இத்தவற்றைச் செய்யவில்லை. காளி அபூபக்ர் அல்பாகில்லானி (இறப்பு 1013) போன்றோர் 'ஜவ்ஹர்', 'உக்னூம்' என்னும் சொற்களை அவர்களுடைய பொருளிலேயே எடுத்துக்கொண்டுதான் வாதிட்டனர்.

இதனினும் ஆழமானது நிசேயா (325) பற்றிய பகுதி. அலெக்சாந்திரியாவின் ஆரியஸ், கிறிஸ்து படைப்புகளுள் தலைசிறந்தவர், ஆயினும் படைப்பே என்றார். நம் மேடைகளில் ஆரியஸ் ஏறக்குறைய ஒரு முஸ்லிமாகவே போற்றப்படுவதுண்டு, அது மிகை. ஆரியஸின் கிறிஸ்து உலகம் தோன்றுவதற்கு முன்பே உண்டாக்கப்பட்டு, அவர் வழியாகவே பிற யாவும் உண்டாக்கப்பட்டன என்னும் கொள்கைக்கும், திருமறை கூறும் நபி ஈஸா (அலை) அவர்களுக்கும் இடைவெளி பெரிது. ஆரியஸை எதிர்த்த அத்தனாசியஸின் வாதங்களாக மெக்ராத் முன்வைப்பவை இரண்டு. மீட்பளிக்க வல்லவர் கடவுள் ஒருவரே, கிறிஸ்து மீட்பளிக்கிறார், எனவே அவர் கடவுள் என்பது முதலாவது. கிறித்தவர்கள் கிறிஸ்துவை வழிபடுகிறார்கள், படைப்பை வழிபடுவது சிலைவணக்கம், எனவே கிறிஸ்து படைப்பாக இருக்க முடியாது என்பது இரண்டாவது.

இரண்டாம் வாதத்தின் முன் முஸ்லிம் வாசகர் சற்று நிற்க வேண்டும். படைப்பை வணங்கலாகாது என்னும் முதல் அடி நம்முடையது. தவ்ஹீதின் உயிர்நிலை அதுவே. அத்தனாசியஸ் நம்மோடு ஓரடி எடுத்து வைத்துவிட்டு நேர் எதிர்த்திசையில் திரும்புகிறார். ஏன் திரும்புகிறார்? கிறிஸ்துவை நோக்கிய வழிபாடு அவருக்குக் கண்முன் உள்ள மெய்ம்மை; அதைத் தவறென்று கருத அவரால் இயலவில்லை. வழிபாடு சரியென்றால் வழிபடப்படுபவர் படைப்பாக இருக்கலாகாது. நாமோ அந்த வழிபாட்டையே வினவுகிறோம். இரு சமயங்களும் பிரியும் இடம் எண் கணக்கன்று. வணக்கத்திற்குரியவன் யார் என்பதை மனிதன் எதன் வழியே அறிகிறான் என்னும் கேள்வி. மறுப்பு நூல்கள் பலவற்றை வாசித்தும் தெளியாத இவ்விடம், ஒரு கிறித்தவர் எழுதிய தொடக்கநிலைப் பாடநூலின் சில பக்கங்களில் தெளிவது வியப்பே. வேறுபாடு இதனால் மறைவதில்லை, கூர்மை அடைகிறது. கூர்மையடைந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டுதான் இருவர் மரியாதையுடன் உரையாட முடியும்.

நம் வரலாற்றிலேயே இதற்கு அண்மையான ஒரு நிகழ்வு உண்டு. கி.பி. 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் கொள்கையை ஏற்குமாறு அறிஞர்களை வற்புறுத்தி அனுப்பிய மடல்களைத் தபரீ தம் வரலாற்றில் காத்துத் தந்துள்ளார். குர்ஆன் படைக்கப்படாதது என்போர், ஈஸா இறைவனின் வார்த்தை ஆதலால் படைக்கப்பட்டவரல்லர் என்று கூறும் கிறித்தவர்களை ஒத்திருக்கிறார்கள் என்னும் குற்றச்சாட்டு அவற்றுள் உண்டு. சிறையையும் கசையடியையும் ஏற்ற இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் அந்த ஒப்புமைக்கு அஞ்சித் தம் நிலையை விட்டுவிடவில்லை. இறைவனின் வார்த்தை நித்தியமானது என்றால் அது அவனுக்கு வேறானதா, அவனேயா? 'அவனும் அல்ல, அவனுக்கு வேறும் அல்ல' என்னும் பொருள்பட அஷ்அரி மரபு சிஃபத்துகளைப் பற்றிக் கண்ட முடிவை ஓதி மனனம் செய்த நம் மதரஸா மாணவர் ஒருவர், மெக்ராத்தின் திரித்துவ அதிகாரத்தைப் படித்தால், முடிவை ஏற்கமாட்டார். ஆனால் அங்கு எதிரொலிக்கும் இடர்ப்பாடு அவருக்கு அந்நியமாக இராது. வார்த்தை உடலெடுத்தது என்று அவர்கள் கூறியபோது நாம் அங்கிருந்து விலகினோம். வார்த்தை நித்தியமா என்னும் வரையில் இரு மரபும் ஒரே மேட்டில் மூச்சிரைக்க ஏறியவையே.

இவ்விடத்தில்தான் பாடநூலின் பெருங்குறை தெரிகிறது. இவ்விரு மரபுகளும் ஒரே நகரில், ஒரே மொழியில், ஒரே கலைச்சொற்களைக் கொண்டு பல நூற்றாண்டுகள் உரையாடின. ஹர்ரானின் ஆயரான தியோடர் அபூ குர்ரா எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளின் சந்திப்பில் கிறித்தவ இறையியலை அரபு மொழியிலேயே எழுதினார். கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமோத்தேயு, ஏறத்தாழ 781இல் பக்தாதில் கலீஃபா மஹ்தியின் முன்னிலையில் இரு நாட்கள் தம் சமயத்தை விளக்கினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னைய நபிமார்களின் பாதையில் நடந்தவர் என்று அவர் கூறியது புகழ்பெற்ற விடை. ஃபாராபியின் மாணவரான யஹ்யா இப்னு அதீ (இறப்பு 974) திரித்துவத்துக்குத் தருக்க முறையில் அரபு விளக்கம் தந்தார். மெக்ராத்தின் பக்கங்களில் இவர்களுக்கு இடமில்லை. அவருடைய இடைக்காலம் பைசாந்தியத்தைத் தொட்டாலும் பாரிஸ், கேன்டர்பரி, ஆக்ஸ்ஃபோர்டு என்று மேற்கில்தான் மையம் கொள்கிறது. ஆன்செல்ம், அக்குவினாஸ் (1225-1274) ஆகியோர் விரிவாக வருகின்றனர். அக்குவினாஸ் இப்னு ஸீனாவோடும் இப்னு ருஷ்தோடும் வாழ்நாளெல்லாம் வாதிட்டவர் என்பதன் கனம் மாணவருக்குப் புலப்படுவதில்லை.

ஒரு முரண்நகையையும் சுட்டியாக வேண்டும். கடவுள் உண்டென்பதற்கான வாதங்களை வரிசைப்படுத்தும் இடத்தில் மெக்ராத் 'கலாம் வாதம்' என்ற ஒன்றைச் சேர்க்கிறார். இடைக்கால அரபுச் சிந்தனைப் பள்ளியிடமிருந்து அப்பெயர் வந்தது என்றும் குறிப்பிடுகிறார். தொடக்கம் உடையது எதுவும் காரணம் உடையது, உலகம் தொடக்கம் உடையது என்னும் அந்த வாதம் நம் முதகல்லிமூன்களின் கைவண்ணம். பெயர் உள்ளே வந்துவிட்டது. பெயருக்குரியவர்கள் வாசலில் நிற்கிறார்கள். கலாம் என்பது இறையிருப்பை நிறுவும் ஒற்றை வாதத்தின் பெயராகச் சுருங்கிவிட்டது. அதே கலாமின் களத்தில்தான் கிறித்தவத் திரித்துவம் மிகக் கடுமையான அறிவுச் சோதனைக்கு உட்பட்டது என்பதை இந்நூலைப் படித்துத் தேர்வெழுதும் மாணவர் அறியப்போவதில்லை.

அச்சோதனை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று தருவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் அபூ ஈஸா அல்வர்ராக் என்பவர் மல்கிய்யா, யஅகூபிய்யா, நஸ்தூரிய்யா என்னும் மூன்று கிறித்தவப் பிரிவுகளையும் மறுத்து ஒரு விரிவான நூல் எழுதினார். மறுப்பதற்கு முன் ஒவ்வொரு பிரிவின் கொள்கையையும் நுணுக்கமாக எடுத்துரைக்கும் நூல் அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் யஹ்யா இப்னு அதீ அதற்கு மறுமொழி எழுதத் துணிந்தார். பகுதி பகுதியாக மூலத்தை எடுத்தெழுதி, ஒவ்வொன்றின் கீழும் தம் விடையைத் தந்தார். வர்ராக்கின் நூல் தனியாக நமக்குக் கிடைக்கவில்லை. முஸ்லிம் உலகில் எழுந்த அந்த மறுப்பு இன்று வாசிக்கக் கிடைப்பது அதற்கு விடை எழுதிய கிறித்தவரின் நேர்மையால்தான்.

மீட்பு, அருள் ஆகியவற்றைப் பற்றிய அதிகாரங்கள் நூலின் வலுவான பகுதிகள். மெக்ராத்தின் சொந்த ஆய்வுத் துறை அதுவே. நீதிமானாக்கப்படுதல் என்னும் கோட்பாட்டின் வரலாற்றை அவர் 1986இல் தனி நூலாகவே எழுதியவர். இங்கு நாம் கற்பது நிறைய. சிலுவை எவ்வாறு மீட்பளிக்கிறது என்பதற்கு எந்தப் பொதுச்சங்கமும் ஒற்றை விளக்கத்தை வரையறுக்கவில்லை. இறைவனின் மாட்சிக்கு நேர்ந்த குறையை ஈடுசெய்தல் என்ற ஆன்செல்மின் விளக்கமும், அன்பின் வெளிப்பாடு என்ற அபெலார்டின் விளக்கமும், தீய ஆற்றல்களின் மீதான வெற்றி என்று 1930இல் சுவீடனின் குஸ்தாஃப் அவுலேன் மீட்டெடுத்த பழைய விளக்கமும் திருச்சபைகளுள் இணைந்தே வாழ்கின்றன. 'ஆதமின் பாவத்துக்கு ஈசாவின் இரத்தம் விலை' என்று நாம் ஒரு வரியில் அறிந்து வைத்திருப்பது இவற்றுள் ஒரு கிளையின் ஒரு வடிவமே.

அகஸ்டீனுக்கும் (354-430) பெலாஜியஸுக்கும் நடந்த வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. மனித விருப்பத்தின் சுதந்திரம், பாவத்தின் இயல்பு, அருளின் இயல்பு, மீட்பின் அடிப்படை என நான்கு தலைப்புகளில் மெக்ராத் இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். கதரிய்யாக்களும் ஜப்ரிய்யாக்களும் மோதிய வரலாறும், செயலை இறைவன் படைக்கிறான், மனிதன் ஈட்டிக்கொள்கிறான் என்னும் அஷ்அரியின் 'கஸ்பு' கொள்கையும் நினைவில் உள்ளவர் இப்பக்கங்களை வேகமாகக் கடக்க மாட்டார். பிறப்பிலேயே மனிதன் குற்றவாளி என்னும் கருத்தை நம் ஃபித்ரா கொள்கை ஏற்பதில்லை. அகஸ்டீன் அக்கருத்தைக் கண்ட உரோமையர் திருமுக வசனம் லத்தீன் பெயர்ப்பில் ஒருவகையாகவும் கிரேக்க மூலத்தில் வேறுவகையாகவும் பொருள்படுவது அறிஞர் அறிந்த செய்தி. கிரேக்கம் பேசிய கீழைத் திருச்சபைகள் அகஸ்டீன் சென்ற தொலைவுக்குச் செல்லவில்லை. நாம் 'கிறித்தவம்' என்று எண்ணி மறுப்பது பலவேளைகளில் லத்தீன் கிறித்தவத்தையே.

பிற சமயங்களைப் பற்றிய அதிகாரம் சற்று மெலிந்தது. கிறிஸ்துவுக்கு வெளியே மீட்பில்லை என்போர், பிற சமயத்தாரையும் கிறிஸ்துவின் அருள் மறைமுகமாகத் தொடுகிறது என்போர், எல்லாச் சமயங்களும் ஒரே மெய்ம்மையை நோக்கியவை என்போர் எனப் பழகிய முப்பிரிவு. இரண்டாம் பிரிவின் கார்ல் ரானர் (1904-1984) பிற சமயத்து நல்லோரைப் 'பெயரறியாக் கிறித்தவர்' என்றழைத்தார். நம்மை நம்மைக் கேளாமலே தம்மவர் ஆக்கிக்கொள்ளும் இந்தப் பெருந்தன்மை முஸ்லிமுக்குச் சுவைக்காது. ஆயினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'ஃபைஸலுத் தஃப்ரிகா'வில், இஸ்லாத்தின் அழைப்பே எட்டாதவர்களையும், திரிக்கப்பட்ட வடிவில் மட்டுமே எட்டியவர்களையும், உள்ளபடி எட்டியும் மறுத்தவர்களையும் பிரித்து, முதலிரு சாராருக்கும் இறையருளில் இடமுண்டு என்று கூறியதை அருகில் வைத்துப் பார்த்தால், ரானரின் கவலை நமக்கும் உரியதே என்பது தெரியும்.

பாடநூல் என்னும் வடிவத்துக்கே உரிய குறைகளும் உள்ளன. பெட்டிச் செய்திகள், முக்கியப் பெயர்கள், அதிகார இறுதி வினாக்கள் ஆகியன தேர்வுக்கு உதவும். ஆனால் ஷ்லையர்மாகரும் கார்ல் பார்த்தும் இரண்டு பத்திகளில் அடங்கும்போது மாணவர் கையில் எஞ்சுவது முத்திரைச் சொற்கள். இதனினும் பெரிய இழப்பு, வழிபாடு பின்னணிக்குப் போய்விடுவது. நிசேயா விசுவாச அறிக்கை ஒரு கருத்துத் தொகுப்பாகவே மாணவருக்கு அறிமுகமாகிறது. திருப்பலியில் மக்கள் கூடி ஓதும் சொற்கள் அவை என்பது அவருள் பதிவதில்லை. அத்தனாசியஸின் வாதம் வழிபாட்டிலிருந்து பிறந்தது என்று எழுதிய நூலே வழிபாட்டுக்கு இவ்வளவு குறைந்த இடம் தருவது பொருந்தவில்லை. அகீதா நூல்களைத் தொழுகையிலிருந்து பிரித்துப் படிக்கும் நம் கல்லூரிப் பாடத்திட்டங்களும் இதே நோயுடையவை என்பதால் இதைக் கடுமையாகச் சொல்ல நாம் தயங்குகிறோம்.

தமிழில் இவ்வளவு பரந்த, எந்தத் திருச்சபைக்கும் வாதாடாத அறிமுக நூல் ஒன்று முஸ்லிம் வாசகரின் கைக்கு எளிதில் வருவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவ ஆய்வுகளுக்கும் இஸ்லாமிய ஆய்வுகளுக்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளன. ஒன்றின் மாணவர் மற்றொன்றின் முதலாண்டுப் பாடம் ஒன்றையேனும் முறையாகப் பயிலும் வழக்கம் வேரூன்றினால், அடுத்த தலைமுறையில் நம் மேடைப் பேச்சின் தரமே வேறாக இருக்கும். அதற்கு இறையியல் கல்லூரியில் சேர வேண்டியதில்லை; பொறுமையும் ஓரளவு ஆங்கிலமும் போதும்.

மெக்ராத்தை வாசிக்க விரும்புவோர் முதற்பகுதியின் வரலாற்றுச் சுருக்கத்தில் தொடங்கி அலுத்துவிட வேண்டாம். கிறிஸ்துவைப் பற்றிய அதிகாரத்தையும் திரித்துவ அதிகாரத்தையும் முதலில் வாசித்து, பின் மனித இயல்பு, பாவம், அருள் பற்றிய அதிகாரத்துக்குச் செல்லலாம். அவரே தொகுத்துள்ள மூலநூற் பகுதிகளின் துணைநூலை உடன் வைத்துக்கொண்டு, அத்தனாசியஸையும் அகஸ்டீனையும் அவர்கள் குரலிலேயே கேட்பது நல்லது. அரபு மொழிக் கிறித்தவ இறையியல் என்னும் விடுபட்ட அதிகாரத்துக்கு சிட்னி கிரிஃபித் 2008இல் வெளியிட்ட 'தி சர்ச் இன் தி ஷாடோ ஆஃப் தி மாஸ்க்' என்னும் நூல் உண்டு. அபூ குர்ராவும் திமோத்தேயுவும் யஹ்யா இப்னு அதீயும் அங்கே இருக்கிறார்கள்.